பதினேழாம் கிளை

குமரகுருவின் தலைக்குள் இருந்த மரத்தில் பதினேழாம் கிளை இரண்டு வருடங்களாக அசையவே இல்லை. புது இலை ஒன்றுகூட இல்லை, பழைய இலையில் ஒரு திருத்தம் இல்லை. அந்தப் பதினேழாம் கிளை அவன் மனைவி தேன்மொழி.

இதைக் கண்டுபிடித்ததும் தேன்மொழியேதான். கணவன் மனதில் தனக்கு என்ன இடம் என்று தெரியாமல் குமைகிற பெண்கள் கோடிப் பேர் இருப்பார்கள். இவளுக்கு அதைத் திரையில் போட்டுப் பார்க்கிற வசதி இருந்தது. வசதி இருந்தால் நிம்மதியும் இருக்கும் என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

எட்டு வருடங்களுக்கு முன்பு குமரகுரு சிங்காநல்லூரில் பேக்கரி வைத்திருந்தான். அவனுடைய தேங்காய் பன்னுக்காக ஜனங்கள் காலை ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள். ஒரு மூளைக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுக்கையில் போட்டது. எழுந்தபோது ஆள் இருந்தான், நினைவு இல்லை. அதைவிட மோசம், புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் சொன்னது ராத்திரி வரை இருக்கும். தூங்கி எழுந்தால் துடைத்துவிட்ட சிலேட்டு.

டாக்டர்கள் காதுக்குப் பின்னால் துளை போட்டு, சுண்டுவிரல் நகம் அளவு சில்லு ஒன்றை உள்ளே வைத்தார்கள். இனி நினைவு வைத்துக்கொள்வது அதன் வேலை. பழைய கதைகளைச் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்து மாதக்கணக்கில் சொல்லச் சொல்ல, அதில் ஏற்றினார்கள். ஏற்றிய வரிசையில் கிளைகளுக்கு எண் விழுந்தது. வரிசை போட்டுக் கொடுத்தவள் குமரகுருவின் தங்கை. முதல் கிளை அம்மா, இரண்டாவது அப்பா என்று போய், பதினாறாவது கிளை பேக்கரியில் இருந்த மாவு பிசையும் மிஷின். அதற்கு அடுத்ததுதான் கட்டின பெண்டாட்டி. தேன்மொழி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மிஷினை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சில்லு செய்த கம்பெனியிலேயே அவள் வேலைக்குச் சேர்ந்தாள். சேமிப்புப் பிரிவில் பொறியாளர். தன் புருஷனுக்காகத்தான் சேர்ந்தாள், அவனுக்காகவே ஒரு முறையையும் கண்டுபிடித்தாள். இப்போது நாடெங்கும் ஆயிரக்கணக்கான தலைகளில் ஓடுவது அவளுடைய முறைதான். அது என்ன முறை என்று ஒருநாள் ஜெசிந்தா கேட்டாள்.

ஜெசிந்தா நினைவுப் பயிற்சியாளர். போன வருடம் வந்து சேர்ந்தவள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் குமரகுருவுக்குப் பயிற்சி கொடுப்பாள். முப்பத்து நான்கு வயது, நெளிந்த கூந்தல், எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு.

"மரம்னு சொல்றீங்களே மேடம், அது எப்படி வேலை செய்யுது?"

"தலைகீழா நிக்கிற மரம்னு வெச்சுக்குங்க. வேர் மேல, இலை கீழ. ஒவ்வொரு நெனப்பும் ஒரு இலைல இருக்கு. ஒரு இலைல ஒரேயொரு எழுத்தை மாத்தணும்னாக்கூட, அந்த இலை, அது ஒட்டியிருக்கற குச்சி, கிளை, வேர் வரைக்கும் எல்லாத்தையும் புதுசா எழுதோணும்."

"ஒரு எழுத்துக்கா?"

"ஒரு எழுத்துக்குத்தான். சில்லு இத்தனை எழுத்துத்தான் தாங்கும்னு ஒரு அளவு இருக்குது. அது தீந்துபோச்சுன்னா, உள்ள இருக்கறதைப் படிக்கலாம், புதுசா எழுத முடியாது. பழைய முறைல நாலே வருஷத்துல தீந்துரும். வேற சில்லு வெக்கவும் வழியில்ல, சதை அதைச் சுத்தி வளந்துருது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"இலைக்குப் போறதையே நிறுத்திட்டேன். மேலயே ஒரு சீட்டு எழுதிப் போட்டுர்றது. தபால்காரர் ஒரே தெருவுக்குக் கடுதாசி சேரட்டும்னு காத்திருந்து ஒரே நடைல குடுத்துட்டு வந்தா காலு மிச்சமில்லீங்களா? அதாட்டத்தான். ஒரு கிளைக்குப் போற சீட்டெல்லாம் சேந்தப்புறம் மொத்தமா கீழ இறக்குவோம்."

"இறக்கறதுக்கு முன்னாடி அவருக்கு அந்த விஷயம் தேவைப்பட்டா?"

"மேலருந்து தேடிட்டு வரும்போதே சீட்டு கண்ணுல பட்டுருமுங்க. தினமும் தேடற சீட்டுன்னா இறக்கவே மாட்டோம். கைக்கெட்டற தூரத்துலயே கெடக்கட்டும்னு விட்டுருவோம். இந்த முறைல இன்னும் இருபத்தஞ்சு வருஷம் ஓடும்."

ஜெசிந்தா ஆய்வுக்கூடக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமரகுருவைப் பார்த்தாள். "குடுத்து வெச்சவர்" என்றாள்.

அவள் சொன்னது தேன்மொழியைப் பாராட்டித்தான். தேன்மொழிக்கு அது அப்படிக் கேட்கவில்லை. என் புருஷன் கொடுத்து வைத்தவன் என்று சொல்ல இவள் யார் என்று கேட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து அவள் மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிடம்தான்.

விட்ட பிறகு அது சும்மா இருக்குமா? வீட்டில் குமரகுரு அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசினால் ஜெசிந்தா பேச்சு. "ஜெசிந்தாவுக்குக் கடைவாய்ப் பல்லுல வலியாமா." "ஜெசிந்தா பையன் பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவதாமா." தேன்மொழிக்கும் பல் இருந்தது, அதுவும் வலித்ததுண்டு. அதை யாரும் யாரிடமும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. அவன் சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். "என்ன வேணுமுங்க?" என்றால், "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவான். அவன் ஒன்றுமில்லை என்று சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை அவன் தலையில் பட்டையைக் கட்டி, மரத்தைத் திரையில் போட்டுப் பார்ப்பார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிக்க முடியாது. சட்டமும் விடாது, பூட்டும் விடாது. மரத்தின் வடிவம் மட்டும் தெரியும். எந்தக் கிளை எவ்வளவு பெரிது, எதில் எப்போது எழுத்து விழுந்தது, மேலே எத்தனை சீட்டு காத்திருக்கிறது என்பது மட்டும்.

அந்த மாதம்தான் தேன்மொழி சீட்டுக் கணக்கை உற்றுப் பார்த்தாள். மேலே நாற்பத்தோராயிரம் சீட்டு இருந்தது. மற்றவர்கள் தலையில் முந்நூறோ நானூறோதான் இருக்கும். ஏறக்குறைய அத்தனையும் ஒரே முத்திரை, ஒரே இடத்துக்குப் போக வேண்டியவை. எந்த இடம் என்பது இறக்கினால்தான் தெரியும். நாள் தவறாமல், ஒருநாளில் நூறு தடவை தேடிப் பார்க்கப்பட்ட சீட்டுகள். அவற்றுக்குக் கீழே, ஒரு மூலையில், இரண்டு வருடமாக ஒரு எழுத்துகூட விழாத பதினேழாம் கிளை.

அவனுக்கு யாரோ ஒருத்தியின் நினைப்பு ஓயாமல் இருக்கிறது. என் நினைப்பு அடியோடு இல்லை. தேன்மொழி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்படித்தான் படித்தாள். மஞ்சள் காமாலைக்காரருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. வயிறு எரிந்தது, நெஞ்சு எரிந்தது. அவனுக்குத் தட்டில் சோறு வைத்தபோது கை எரிந்தது.

மறுநாள் காலை இட்லித் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏனுங்க, பொழுதுக்கும் யாரை நெனச்சுட்டு இருக்கறீங்க?"

குமரகுரு நிமிர்ந்து பார்த்தான். ஐம்பதை நெருங்குகிற ஆம்பிளையின் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவந்தது. சட்னியைப் பார்த்துக்கொண்டு, "இருக்கறா ஒருத்தி" என்றான்.

"யாரது?"

"அதெல்லாம் பொசுக்குனு சொல்லிர முடியுமா? சாயங்காலம் சொல்றன், போ அம்மிணி."

தேன்மொழி தன் தட்டைச் சமையல் மேடையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சாப்பிடாமல், அவனையும் கிளப்பிக்கொண்டு, வண்டியில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டையைக் கட்டி, கையில் பேப்பரைக் கொடுத்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

முழு இறக்கம் என்று ஒன்று உண்டு. மேலே இருக்கும் சீட்டையெல்லாம் அதனதன் இலைக்கு அனுப்பிவிடுவது. அதற்கு இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். கூட வேலை பார்க்கிற நந்தகோபாலைக் கூப்பிட்டாள்.

"சீட்டு ஏகமா சேந்துபோச்சு நந்து. தேடறது மந்தமாகுது. இறக்கிரலாம்."

மந்தமெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

நந்தகோபால் திரையைப் பார்த்தான். "நாப்பத்தோராயிரமா! எழுத்து எத்தனை செலவாகுமுங்க்கா? மாமாவுக்கு நாப்பத்தாறு சதவீதம்தான மிச்சம் இருக்குது?"

"ரெண்டு சதவீதம் ஆகும்."

"எந்தக் கிளைக்குப் போகுதுன்னே தெரியாம எப்படிங்க்கா ரெண்டுங்கறீங்க?"

"புதுக் கிளை. சின்னது. ஒரு வருஷப் பழக்கம்தான?"

"என்ன பழக்கமுங்க்கா?"

தேன்மொழி ஒப்புதல் பக்கத்தைத் திரையில் திறந்தாள். கணக்கு சரிதான். ஒரு வருடத்துக்கு முன் வந்தவளின் கிளை எவ்வளவு பெரிதாக இருந்துவிடும்? நாலு இலை, அதைத் தொட்டுக்கொண்டு இன்னும் நாலு இலை. சீட்டைக் கொண்டுபோய்ப் போட்டால் அதோடு முடிந்தது. யாருடைய கிளை என்பது மட்டும் தெரிந்துவிடும். தெரிந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

முறையைக் கண்டுபிடித்தவளே சொல்லும்போது அவன் என்ன மறுக்க? விரலை வைத்தான். அவளும் வைத்தாள்.

சீட்டுகள் இறங்கத் தொடங்கின. இரண்டு சதவீதம் முதல் நிமிடத்திலேயே போனது. தேன்மொழி போன வருடம் முளைத்த அறுபத்தொன்றாம் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் ஜெசிந்தாவாக இருக்க வேண்டும். அங்கே ஐம்பது சீட்டுப் போனது, பல்வலியும் ஓட்டப்பந்தயமுமாக இருக்கும். அதோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, பதினேழுக்குப் போகுதுங்க" என்றான் நந்தகோபால்.

இலை நிறைந்தால் இரண்டாகப் பிரியும். பதினேழாம் கிளையில் ஒவ்வொரு இலையாக நிறைந்து பிரிந்தது. பிரிந்ததும் நிறைந்து மறுபடி பிரிந்தது. அது நாலு இலைக் கிளை இல்லை. பத்தொன்பது வருடக் குடித்தனம். பேக்கரி, பேரூர்ப் பாதை, மழை, அவன் அம்மா செத்த நாள், இருபது ஊர், எந்தக் கிளையைத் தொட்டாலும் அங்கே எங்கேயோ தேன்மொழி இருந்தாள். அவள் இலை ஒன்று இடம் மாறினால், அவளைச் சுட்டுகிற அத்தனை கிளையிலும் முகவரியை மாற்றி எழுத வேண்டும். மரம் முழுக்கத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்று. இருபத்தாறு. பத்தொன்பது.

"நிறுத்து நந்து! நிறுத்தித் தொலை!"

"பாதில நிறுத்துனா மரமே ஒடஞ்சுருமுங்க்கா. நீங்கதானங்க சொல்லிக் குடுத்தீங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமரகுரு பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினான். எட்டு. மூன்று. கடைசியில் ஒன்றுமே மிச்சமில்லை. இறக்கம் முடிந்தது என்று திரை சொன்னது. இனி அந்தச் சில்லில் ஒரு எழுத்துகூட எழுத முடியாது.

நந்தகோபால் திரையில் அந்தக் கிளையின் எண்ணைத் தொட்டான். "பதினேழு யாருங்க்கா?"

"நான்தான்."

"பொறவு... தினமும் தேடற சீட்டு மேலயேதான நிக்கும்? உங்க சீட்டெல்லாம் மேல நிக்கறதாலதான கீழ எழுத்தே விழுகல? இது உங்க விதிதானுங்களே..."

ஆமாம், அவள் விதிதான். ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்ன விதி. தன்னைத்தான் ஒருவன் நாளைக்கு நூறு தடவை நினைக்கிறான் என்று மட்டும் அவள் அறிவுக்கு எட்டவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பாள்.

கதவைத் திறந்துகொண்டு குமரகுரு எட்டிப் பார்த்தான். "ஆச்சா அம்மிணி? நீ காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வா, எங்காச்சும் சாப்புட்டுப் போலாம்."

அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சந்தேகத்தைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள், மிச்சம் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குமரகுரு அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "போச்சாது உடு. இன்னொருத்தி மேல பொறாமப்பட்டா நாஞ்சொல்லலாம். உம்மேலயே பட்டுட்ட, நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?" என்றான். மன்னித்துவிட்டான். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அவனும் தூங்கினான். அதோடு அந்த மன்னிப்பும் போயிற்று.

காலையில் எழுந்தவனுக்குக் கடைசியாக நினைவில் இருந்தது, சில்லு மூடிக்கொள்வதற்கு முன் ஏறிய நேற்றைய காலை. இட்லித் தட்டு, கேள்வி, அவள் சாப்பிடாமல் கிளம்பியது. அவளுக்கு முன்பே எழுந்து டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அம்மிணி, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு அத்தனை கோவமா? உன்னைத்தான் சொன்னேன். வேற யாரு இருக்கறா எனக்கு?"

மறுநாளும் டீயோடு வந்து அதையே சொன்னான், அதற்கு மறுநாளும். தேன்மொழி முதல் வாரம் தினமும் உண்மையைச் சொன்னாள். அவன் தினமும் புதிதாக இடிந்துபோனான், தினமும் புதிதாக மன்னித்தான். எட்டாம் நாளிலிருந்து சொல்வதை விட்டுவிட்டாள். டீயை வாங்கிக்கொண்டு, "கோவமெல்லாம் இல்லீங்க" என்றாள். அவன் முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். கம்பெனியில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். ஜெசிந்தா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவளைக் கட்டிக்கொண்டு தேன்மொழி அழுததும் உண்டு.

வருடங்கள் போயின. அவனுக்கு மட்டும் அதே காலை. ஒரு நரை கூடினாலும் "என்ன அம்மிணி, ஒரே ராத்திரில இப்புடி நரைச்சுப்போச்சு, என்னாலயா?" என்று பதறுவான். அதனால் அவன் எழுவதற்கு முன்பே எழுந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டாள். அன்றைக்குக் கட்டியிருந்த பச்சைச் சேலையைப் போல நாலு வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் முகம் அவனுக்குத் தெரியக் கூடாதென்று வீட்டுக் கண்ணாடிகளைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் ஒளித்தாள். தன் முகத்துக்குப் பொட்டு வைப்பதெல்லாம் விரல் கணக்குத்தான்.

பன்னிரண்டாம் வருடம் அவளுக்கு டைஃபாய்டு வந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குமரகுருவின் தங்கை வந்து அவனைப் பார்த்துக்கொண்டாள். அம்மிணி எங்கே என்று காலையில் கேட்டால், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்தாள். தேன்மொழி திரும்பி வந்தபோது பாதி உடம்பு இல்லை. முடி கொட்டி, இருந்த கொஞ்சமும் பஞ்சாகியிருந்தது. சாயம் பூசத் தெம்பில்லை. வெயில் ஏறும்வரை கூடத்து நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள்.

குமரகுரு இரண்டு கையிலும் டீயோடு வந்தான். அவளைப் பார்த்தான். படுக்கையறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"தேன்மொழி இல்லீங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க அவளுக்கு என்ன வேணுமுங்க?" என்றான் அவன். "மொகச் சாடை அப்புடியே இருக்குது. அக்காவுங்களா?"

பிறந்த வீட்டில் அவள் ஒரே பெண், அதை யாரும் அவன் மரத்தில் ஏற்றவில்லை போலிருக்கிறது. "ஆமாங்க" என்றாள்.

"கோவிச்சுட்டுப் போயிட்டாளாங்க?"

"வந்துருவா."

அவன் ஒரு டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். அந்நிய மனுஷியிடம் என்ன கூச்சம் என்று நினைத்தானோ என்னவோ, பன்னிரண்டு வருடமாகத் தினமும் பாதியோடு நிறுத்திக்கொண்ட பேச்சு முழுதாக வந்தது. அவள் கொண்டை முடிகிறபோது ஊசியைப் பல்லில் கடித்துக்கொள்வாள் என்றான். திட்டிவிட்டு உள்ளே போய் முனகுகிற பாட்டு, அந்தப் பாட்டில் இரண்டாம் வரியை எப்போதும் தப்பாகப் பாடுவது. சாம்பாரில் உப்புப் பார்க்கையில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வது. கடையில் மாவு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதியது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம்தான் பார்ப்பானாம். என்ன வேண்டும் என்று அவள் கேட்டால் வாய் வராதாம்.

"நூறு தடவை நெனைப்பனுங்க ஒரு நாளைக்கி. நெனைக்கறதுக்குன்னே பொறந்தவளாட்ட இருக்கறா."

தேன்மொழி கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கேயோ அடியிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் கிளம்பி மேலே வந்தது. வயிறு எரிந்தது, நெஞ்சு எரிந்தது. அவளுக்குக் கறுத்த கூந்தல். அவளுக்குப் பாட்டு. இவன் பார்வை முழுக்க அவளுக்கு. இந்த நாற்காலியில் இருமிக்கொண்டு கிடக்கிறவளுக்கு ஒரு டம்ளர் டீ.

"அப்படி என்னங்க ஒசத்தி அவகிட்ட?" என்றாள். அவள் நினைத்ததைவிடக் கடுப்பாக வந்தது.

குமரகுரு சங்கடமாகச் சிரித்தான். "உங்க தங்கச்சிய நானே ஒசத்திச் சொல்லக் கூடாது. நாஞ்சொன்னன்னு அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லிராதீங்க, வெக்கமா இருக்குது" என்றவன், எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றான்.

தேன்மொழி அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு அவனோடு சேர்ந்து தெருவைப் பார்த்தாள். வரப்போகிறவளை அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.